ஆறரை மில்லிமீற்றர்

ஒஸ்லோவில் சுரங்க ரயில் ஓட்டத் தொடங்கி எனக்கு அது மூன்றாவது குளிர்காலம். பெயர்தான் சுரங்க ரயில். நகரத்தின் மேற்குப் பக்கத்து மலையில் ஏறும் தடம் பெரும்பாலும் திறந்த வெளியில், காட்டோரமாகப் போகும். ஒரு பெப்ரவரிக் காலையில் வளைவொன்றைக் கடந்தபோது தண்டவாளத்தின் நடுவே ஒரு எல்க் நின்றது. இந்த நாட்டுக் காடுகளில் வாழும் பெரிய மான் அது. குதிரையை விட உயரம், நீண்ட கால்கள், தொங்கிய மூக்கு. பிரேக்கை இழுத்தேன். ரயில் அதற்குச் சற்று முன்னால் போய் நின்றது.

இரு பக்கமும் இடுப்பளவு பனி. தண்டவாளத்தில் நடப்பதுதான் அதற்குச் சுலபமாக இருந்திருக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறைக்கு அறிவித்துவிட்டு, பயணிகளுக்கும் ஒலிபெருக்கியில் விசயத்தைச் சொன்னேன். முன்பெட்டியில் இருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். எல்க் என் கண்ணாடிக்கு நேரே நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது; அதன் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. பிறகு யாரோ கூப்பிட்டதுபோலத் திரும்பி, பனிக்குள் இறங்கி, மரங்களுக்குள் போய்விட்டது.

ஓய்வறையில் இதைச் சொன்னபோது என்னுடன் வேலை செய்த ஒருத்தி, அவளும் ஓட்டுநர்தான், என் வயதுக்காரி, அது கொழுத்திருந்ததா மெலிந்திருந்ததா என்று கேட்டாள். கவனிக்கவில்லை என்றேன். அதைத்தான் முதலில் பார்க்கவேண்டும் என்று சிரித்தாள். நகரத்துக்கு வடகிழக்கே, காரில் இரண்டு மணி நேரம் தள்ளி, அவளுடைய குடும்பத்துக்குக் காடு இருந்தது. ஒவ்வொரு ஒக்ரோபரிலும் அண்ணன் தலைமையில் ஏழெட்டுப் பேர் கூடி எல்க் வேட்டைக்குப் போவார்கள். இந்த வருடம் நீயும் வந்து பார் என்றாள்.

போனேன். துவக்கு இல்லாமல், வெறும் விருந்தாளியாக, அவளுக்குப் பக்கத்தில் ஒரு மரக்கட்டையில் இரண்டு நாள் இருந்தேன். மழை பெய்தது. ஒரு எல்க்கும் வரவில்லை. ஆனாலும் எனக்குப் பிடித்துவிட்டது. பத்து வருடத்துக்கு மேலாக இந்த நாட்டில் இருந்தேன்; எனக்குத் தெரிந்ததெல்லாம் தண்டவாளம், குரோருட்டில் எங்கள் அடுக்குமாடி வீடு, மாதா கோயிலில் ஞாயிறு பூசை, குறொன்லாண்டில் மரக்கறிக் கடை. காடு எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்கும் ஒரு பச்சை மதில், அவ்வளவுதான். அதற்குள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் என்னென்ன கேட்கும் என்பது அந்த இரண்டு நாளில்தான் தெரிந்தது.

குளிர்காலத்தில் வேட்டைத் தேர்வுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தேன். முதல் நாள் பின்வரிசையில் ஒரு தமிழ் முகம். கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலையில் வந்தவர், என்னை விட ஏழெட்டு வயது இளையவர். வேலைத்தலத்து நண்பர்கள் மலைக்கோழி சுடப் போவார்களாம். அவர்களோடு போக ஆசைப்பட்டு வந்திருந்தார். நான் துவக்கு என்று சொல்லும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வரும். “துவக்குன்னா ஸ்டார்ட் பண்றதுதானேக்கா?” என்பார். எனக்கு அவருடைய துப்பாக்கி சினிமா வசனம்போல இருந்தது. தேர்வு நோர்வேஜிய மொழியில். இரண்டு பேருமே பாஸ்.

வீட்டில் அதுவரை இது ஒரு பொழுதுபோக்கு வகுப்பாகத்தான் இருந்தது. தேர்வு முடிந்த பிறகு, இனிச் சொந்தத் துவக்கு வாங்க வேண்டும் என்று கணவரிடம் சொன்னேன். அவர் மண்டைதீவுப் பக்கத்து ஆள், குளிர்சாதனக் களஞ்சியத்தில் வேலை, அதிகம் கதைக்காதவர். கையில் இருந்த தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

“உமக்கு விருப்பமெண்டால் காட்டுக்குப் போம். நான் மறிக்கேல்லை. ஆனால் துவக்கு இந்த வீட்டுக்குள்ளை வேண்டாம்.”

நான் வாதாடவில்லை. அவருக்குப் பதினெட்டு வயதில் ஊர்ச் சந்தியில் ஒரு பின்னேரம், ஆமிக்காரர் பெடியன்களை வரிசையாக முழங்காலில் இருத்தி வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். கலியாணமான புதிதில் அவருடைய தமக்கை சொன்னது. அதற்கு மேல் தமக்கைக்கும் தெரியாது. அவரிடம் ஒருமுறை கேட்டபோது எழுந்து போய்விட்டார். யாரோ அன்று செத்திருக்க வேண்டும் என்று நானாக நினைத்துக்கொண்டு, பிறகு கேட்கவில்லை.

வீட்டுக்குள் வராவிட்டாலும் எந்தத் துவக்கு என்று தெரிந்துகொள்ளலாம்தானே என்று, வசந்தம் வந்ததும் ஓட்டுநர் தோழியுடன் சுடும் திடலுக்குப் போனேன். கலிபர் என்ற சொல் அங்கேதான் பெரிய பிரச்சினையானது. துவக்குக் குழலின் விட்டத்தை வைத்து ரவையின், அதாவது குண்டின், அளவைச் சொல்வது. எல்க் போன்ற பெரிய மிருகத்துக்குச் சட்டமே ஒரு கீழெல்லை வைத்திருக்கிறது. ரவை இவ்வளவு எடை, நூறு மீற்றரில் இவ்வளவு சக்தி. அதற்கு மேல் என்ன வேண்டுமானாலும் எடுக்கலாம். அந்த ‘என்ன வேண்டுமானாலும்’ பற்றி இந்த நாட்டு ஆண்கள் கதைக்கத் தொடங்கினால் கோப்பி ஆறிவிடும்.

தோழியின் அண்ணன் பெரிய மனிதர், உருவத்திலும். அவர் பாவிப்பது ஒன்பது-மூன்று. அதாவது ஒன்பதரை மில்லிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவான தடித்த ரவை. எல்க் அடிபட்ட இடத்திலேயே விழவேண்டும், காயத்தோடு ஓடவிடுவது பாவம் என்பது அவர் கட்சி. நியாயமான கட்சிதான். அவருடைய துவக்கை வாங்கி ஒருமுறை சுட்டேன். ஆறு நாளைக்கு என் வலது தோள் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

அடுத்து தோழியுடையது: முப்பது-சைபர்-ஆறு. இந்த நாட்டில் பாதிப்பேர் பாவிப்பது. உதை குறைவு, நோவும் பெரிதாக இல்லை. ஆனால் என் ரவைகள் இலக்கின் எல்லாப் பக்கமும் சிதறிப் போயின. தோழி துவக்கை வாங்கி, தானே ரவை போட்டுத் தந்தாள். குறிபார்த்து விசையை இழுத்தேன். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. உள்ளே இருந்தது வெற்றுக் கோது. ஆனால் துவக்கின் முனை ஒரு சாண் கீழே குதித்ததை இருவருமே பார்த்தோம். வெடிக்காத வெடிக்கு என் உடம்பு முன்கூட்டியே பதுங்கியிருந்தது.

உதைக்குப் பயமா என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. எங்கள் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் முதலில் நிலத்தில் விழவேண்டும், பிறகுதான் யோசிக்கவேண்டும் என்று சொன்னேன். அவள் துவக்கிலிருந்து வெற்றுக் கோதை வெளியே எடுத்தாள். பிறகு, அப்படியென்றால் சத்தமும் உதையும் குறைந்த ஒன்றிலிருந்து தொடங்குவோம் என்றாள். பரிதாபப்படாமல், வேலை விசயம்போல அவள் அதைச் சொன்னது எனக்கு ஆறுதலாக இருந்தது.

கோயம்புத்தூர்க்காரரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. “நீங்க ஏன்க்கா கன்ஃப்யூஸ் ஆகறீங்க? நான் ஒரு டேபிள் போட்டுத் தரேன்” என்றார். குறொன்லாண்டில் ஒரு தேநீர்க் கடையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தார். கலிபர், ரவையின் எடை, வேகம், நூறு மீற்றரில் சக்தி, தோளுக்கு வரும் உதை என்று அழகாகப் போட்டிருந்தார். சட்டத்தின் கீழெல்லையைத் தாண்டாதவை சிவப்பில்.

“என்னைக் கேட்டா த்ரீ-நாட்-எய்ட் எடுங்க. உதை மீடியம். புல்லட் எல்லாக் கடையிலயும் கிடைக்கும். எஸ்எல்ஆர்னு ஒண்ணு இருந்துச்சே, பல நாட்டு ஆர்மியும் யூஸ் பண்ணாங்க, அதுல போட்டதும் கிட்டத்தட்ட இதேதான். அவ்ளோ ரிலையபிள்.”

எஸ்எல்ஆர் என்ற பெயர் தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் இல்லை. நீண்ட, மரப்பிடி வைத்த துவக்கு. நான் பாடசாலைக்குப் போகும் வழியில் மண்மூட்டைகளுக்கு மேலால் அது நீட்டிக்கொண்டிருக்கும். அதன் முனைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். அவரிடம் அதைச் சொன்னேன். கணவரின் சந்தியைப் பற்றியும், தெரிந்தவரைக்கும் சொன்னேன். அவர் கை விசைப்பலகையில் அப்படியே நின்றது.

“தெரியாம சொல்லிட்டேன்க்கா.”

“இல்லைத் தம்பி, சொன்னது நல்லது. இல்லாட்டி நான் தெரியாமல் அதை வாங்கியிருப்பன்.”

அவர் அந்த வரியை அழித்துவிட்டார். மிச்சத்தில், உதை ஆகக் குறைந்த வரி ஆறு-ஐந்து. ஆறரை மில்லிமீற்றர். பாரமான ரவை போட்டால் சட்டத்தின் எல்லையைத் தாண்டும், ஆனால் நிறையத் தாண்டாது. பாஸ் மார்க் வாங்குது, டிஸ்டிங்ஷன் இல்லை என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். போகும்போது, வீட்டில் சாருக்கு இது ஓகேவா என்று தயங்கிக் கேட்டார். இன்னும் இல்லை என்றேன்.

அன்று பின்னேரம் சமைத்துக்கொண்டிருக்கும்போது கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். எதை வாங்கமாட்டேன், ஏன் வாங்கமாட்டேன் என்று. அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

“அதை எடுக்கேல்லை எண்டதுக்காக நான் ஓம் எண்டு சொல்லேலாது” என்றார். அடுத்த வெங்காயத்தை எடுத்துக்கொண்டு, “அப்ப எதை எடுக்கிறதா யோசினை?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. ஆறரையைப் பற்றிச் சொன்னேன். மெல்லிய, நீளமான ரவை, உதை குறைவு, ஆனால் குறி சரியாக இருக்கவேண்டும் என்று. அவர் வெங்காயத்தை முடித்துவிட்டு, உள்ளிப்பூண்டையும் எடுத்து உரிக்கத் தொடங்கினார்.

தோழியின் வீட்டில் பழைய ஆறு-ஐந்து ஒன்று கிடந்தது. அடுத்த கிழமை அதை எடுத்து வந்தாள். அண்ணனும் வந்தார், எனக்கு நல்ல புத்தி சொல்ல. அனுபவம் இல்லாதவருக்குத்தான் பெரிய கலிபர் வேண்டும், ஒரு சாண் பிசகினாலும் அது காப்பாற்றும் என்றார். தோழி அதை ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது-மூன்றால் குடலில் அடித்தாலும் அது குடலில் அடித்ததுதான், இவள் கண்ணை மூடாமல் சுடக்கூடிய துவக்குத்தான் இவளுக்குப் பெரிய துவக்கு என்றாள். அண்ணனும் தங்கையும் இப்படி வாக்குவாதப்பட்டுக்கொண்டிருக்கும்போதே நான் படுத்துக் குறிபார்த்து ஐந்து ரவையையும் சுட்டு முடித்தேன். போய்ப் பார்த்தபோது ஐந்து துளையையும் என் உள்ளங்கையால் மூட முடிந்தது.

அண்ணன் இலக்கை நெடுநேரம் பார்த்தார். தன் எண்ணத்தை மாற்றிக்கொண்டதாகச் சொல்லவில்லை. ஒரேயொரு நிபந்தனை போட்டார்: எல்க் முழுப்பக்கமும் காட்டி நின்றால் மட்டும் சுடவேண்டும். முன்னால் பார்த்து நின்றாலோ, சரிந்து நின்றாலோ, எவ்வளவு கிட்ட நின்றாலும் விடவேண்டும். வாக்குக் கொடுத்தேன். அந்தக் கலிபரும் ஒரு காலத்தில் இராணுவத்துக்காக உருவானதுதான் என்று பிறகு கோப்பி குடிக்கும்போது சொன்னார். அநேகமாக எல்லாம் அப்படித்தானாம். இருக்கட்டும் என்றேன். அந்த இராணுவம் எங்கள் சந்திக்கு வரவில்லை.

ஓகஸ்டில் ஒரு சனிக்கிழமை நான் திடலுக்குப் புறப்பட்டபோது, தானும் வருவதாகக் கணவர் சொன்னார். ஏன் என்று கேட்டால் மனம் மாறிவிடுவாரோ என்று கேட்கவில்லை. முதலில் காருக்குள்ளேயே கண்ணாடியை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு இறங்கி, தோழி கொடுத்த காதுறையைப் போட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நின்றார். நான் ஐந்து முறை சுட்டேன். ஆறாவதற்கு முன் திரும்பிப் பார்த்தபோது அவர் காதுறையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். சுடும்படி தலையை அசைத்தார். சுட்டேன்.

“நாங்கள் எப்பவும் முன்னாலை நிண்டு கேட்ட சத்தம்” என்றார். “பின்னாலை நிண்டு கேக்கிறது இதுதான் முதல்தரம்.”

வீட்டுக்குத் திரும்பும் வழியில், பெட்டகம் எங்கே வைக்க யோசித்திருக்கிறீர் என்று கேட்டார். இந்த நாட்டில் துவக்கை இரும்புப் பெட்டகத்தில் பூட்டித்தான் வைக்கவேண்டும். களஞ்சிய அறையின் சீமெந்துச் சுவரில் அவரே துளை போட்டு, பெட்டகத்தை நான்கு ஆணியால் இறுக்கினார். தான் வீட்டில் இருக்கும்போது திறக்கவேண்டாம் என்பது மட்டும்தான் அவர் கேட்டது. பொலிஸ் அனுமதி வந்ததும் ஆறு-ஐந்து ஒன்று, பாவித்ததுதான், வாங்கினேன். செப்ரெம்பரில், பெரிய மிருக வேட்டைக்காரர் வருடாவருடம் செய்யவேண்டிய சுடும் பரீட்சையும் முடிந்தது.

ஒக்ரோபர் முதல் வேட்டை நாள் பனிமூட்டமாக இருந்தது. எனக்குக் கொடுத்த இடம் சதுப்பு நிலம் ஒன்றின் விளிம்பு. காலையில், எல்க்கை மோப்பம் பிடித்து விரட்டும் எங்கள் நாய் குரைக்கும் சத்தம் தூரத்தில் கேட்டு, கிட்ட வந்தது. மரங்களுக்கிடையில் ஒரு பெண் எல்க் குட்டியோடு வந்து நின்றது. இரண்டும் என் பக்கம் நேரே பார்த்தன. அறுபது மீற்றர்கூட இருக்காது. அவை திரும்பவேயில்லை, பின்வாங்கி அப்படியே மறைந்தன. வோக்கி-டோக்கியில் சொன்னேன். நல்லது என்று அண்ணன் சொன்னார், அவ்வளவுதான்.

மறுநாள் ஞாயிறு. தமிழ்ப் பூசைக்கு நான் வராததைப் பற்றிக் கோயிலில் யாராவது கேட்பார்கள், கணவர் என்ன சொல்வார் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, நாய்ச் சத்தமே இல்லாமல் ஒரு இளம் ஆண் எல்க் சதுப்பைக் கடக்க வந்தது. சிறு கொம்பு. நடுவில் நின்று தலையை உயர்த்தியது, முழுப்பக்கமும் காட்டி. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் நடுவுக்குக் கொஞ்சம் கீழே குறிவைத்தேன். துவக்கின் முனை அசையவில்லை. சுட்டேன்.

ஒன்றும் நடக்காததுபோல அது நடந்து போனது. பிறகு ஓடியது. காட்டுக்குள் மறைந்துவிட்டது.

அண்ணன் சொன்னதுதான் சரி, என் சின்ன ரவை அதை எங்கேயோ குற்றுயிராக அலையவிட்டிருக்கிறது என்று நினைத்தேன். எழுந்து ஓடிப்போய்ப் பார்க்கக் கால் துடித்தது. அசையாதே, இருந்த இடத்தில் இரு என்று அண்ணனின் குரல் வோக்கி-டோக்கியில் வந்தது. இருந்தேன். வாய் தானாக அருள் நிறை மரியே சொல்லிக்கொண்டிருந்தது.

அவரும் தோழியும் நாயோடு வந்து சேர்ந்தார்கள். பாசியில் இரத்தம் நுரையோடு கிடந்தது. அதைப் பார்த்ததும் தோழி என் தோளைத் தொட்டாள்; நுரை என்றால் நுரையீரல். மரங்களுக்குள் போன கொஞ்ச தூரத்திலேயே அது விழுந்து கிடந்தது. கண் திறந்திருந்தது, உயிர் இல்லை. சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு அதன் கழுத்தைத் தொட்டேன். சூடாக இருந்தது. அழவில்லை, சந்தோசமும் வரவில்லை. நல்லபடியாக முடிந்ததே என்று மட்டும் இருந்தது.

வயிற்றைத் திறந்தபோது அண்ணன் இரண்டு நுரையீரலையும் காட்டினார். ரவை நேராக ஊடுருவியிருந்தது. இடம் சரி என்றார். ஆனாலும், கொஞ்சம் பெரிய கலிபராக இருந்திருந்தால் சதுப்பிலேயே விழுந்திருக்கும் என்று சொல்லாமல் அவரால் இருக்க முடியவில்லை. தோழி கண்ணை உருட்டினாள்.

பதமாவதற்காகக் குளிரில் சில நாள் தொங்கவிட்ட பிறகு என் பங்கு இறைச்சியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கணவர் குசினி மேசையில் பழைய பேப்பர் விரித்து, கத்தியைத் தீட்டி வைத்திருந்தார். நான் பைகளில் துண்டின் பெயர் எழுத, அவர் வெட்டினார். ஒரு தொடைத் துண்டைப் பாதி வெட்டியவர் நிறுத்தினார்.

“அடிபட்ட பிறகு எவ்வளவு நேரம் உயிரோடை இருந்தது?”

“கனநேரம் இல்லை. ஓடின தூரம் அவ்வளவுதான். ஒரு நிமிசமும் வராது எண்டு சொன்னவை.”

தலையை ஆட்டினார். வெட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், அந்தச் சந்தியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முழங்காலில் இருத்திய இடத்தில் தார் உருகியிருந்தது. எதிரே நின்றவனுக்கும் இவருடைய வயதுதான் இருக்குமாம். துவக்கை ஒவ்வொருவராக மாற்றி மாற்றி நீட்டிக்கொண்டிருந்தான். ஒருமுறை தலைகளுக்கு மேலால் சுட்டான். பொழுதுபடும்போது வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

“ஆர் செத்தது?” என்று கேட்டேன்.

“ஒருத்தரும் சாகேல்லை. அதுதான் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. ஊரிலை எத்தினை வீட்டிலை சாவு. எங்களுக்கு ஒண்டும் நடக்கேல்லை எண்டு சொன்னால், சனம் அது சின்ன விசயம் எண்டுதான் நினைக்கும்.”

“சின்ன விசயம் இல்லை” என்றேன்.

“இல்லைத்தான்” என்றார். கத்தியைக் கழுவித் துடைத்துவிட்டு அடுத்த துண்டை எடுத்தார்.

பின்னேரம் அவரே கறி வைத்தார். வறுத்த மிளகாய்த்தூள், கறுவா, கொஞ்சம் தேங்காய்ப்பால். எல்க் இறைச்சி ஆட்டிறைச்சியை விட நேரம் எடுக்கும். இரண்டு முறை தண்ணீர் விட்டு அவியவிட்டார். ஜன்னல் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. பாணோடு சாப்பிட்டோம். கொஞ்சம் காட்டு வாசம் அடிக்குது, ஆனால் நல்லாயிருக்கு என்றார்.

அவர் இன்றுவரைக்கும் அந்தத் துவக்கைக் கையால் தொட்டதில்லை. ஆனால் அடுத்த ஒக்ரோபரில் தானும் வருவதாகச் சொல்லி, ஒரு பெட்டி நிறையச் சமையல் சாமான்களோடு காரில் ஏறினார். நாங்கள் காட்டுக்குள் இருந்த பகல் முழுவதும் மரக்குடிலில் தனியே இருந்து விறகு பிளந்து, அடுப்பு மூட்டி, எட்டுப் பேருக்குச் சமைத்து வைத்திருந்தார். தோழியின் அண்ணன் முதல் வாயிலேயே முகம் சிவந்து, எழுந்து போய்ப் பால் எடுத்துக் குடித்துவிட்டு வந்து, சாப்பாட்டுக் கோப்பையை மறுபடி நீட்டினார். கணவர் அதில் இன்னொரு அகப்பை போட்டார்.